அறுப்பு நாளில் குடுமியான்மலை

குடுமியான்மலை சங்கீதக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. ஜெர்மன் சண்டை ஆரம்பித்த மறு வருஷம், தை மாதத்தில்தான் ஆபீசில் லீவு கிடைத்தது. போக நினைக்கிறவர்களுக்காக வழியையும் செலவையும் எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான்.

திருச்சியில் காலை ஐந்தரைக்கு ரயில். புதுக்கோட்டை முப்பத்து மூன்று மைல், மூன்றாம் வகுப்பில் ஒன்பதணா. ஏழரைக்கு இறங்கினேன். குடுமியான்மலை பஸ் எட்டு மணிக்கு, நாலணா. எதிரே ஒரு காபி கிளப்பில் நெய்த் தோசை. ஒன்றோடு எழுந்திருக்கலாம், நாக்கு யார் பேச்சைக் கேட்கிறது? வெளியே வந்தபோது பஸ் கிளப்பிய தூசிதான் இருந்தது. பன்னிரண்டு மைலுக்கு ஒன்றேகால் ரூபாய் பேசி மாட்டு வண்டி பிடித்தேன். போய்ச் சேரும்போது மணி ஒன்று.

ஒன்பது மணிக்கு வருவதாக ஊர் வாத்தியாருக்குக் கார்டு போட்டிருந்தேன். அவர் சொல்லி, வெளியூர்க்காரர்களுக்குக் கல்வெட்டைக் காட்டுகிற செல்லாயி மலையடியில் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். பொடி எழுத்துகள், உச்சி வெயிலில் தெரியவே தெரியாது. அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி, வரி வரியாகக் காட்டுவார். படிக்கத் தெரியாதவர். ஆனால் வருகிற வித்வான்கள் பாடக் கேட்டு, எந்த வரியில் என்ன ஸ்வரம் என்பது அவருக்கு மனப்பாடம். ஓர் எழுத்தை நான் 'ரி' என்றேன்.

"போன மாசம் வந்தவரு அதைக் 'க'ன்னாருங்க. நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிருவேன்" என்றார்.

ஒரு மணி நேரம் பாறை முன்னால் நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கீழே ஊரே வயலில் குனிந்திருப்பதைக் கவனித்தேன்.

"இன்னிக்கு மொத அறுப்புங்க. மொத நாள் காலைக் கஞ்சி நேரத்துக்குள்ள வந்து அரிவா வைக்காதவுகளுக்கு, அறுப்பு முடியிற வரைக்கும் எடமில்லை."

"பிறகு ஏன் போகவில்லை?"

"வாரேன்னு கார்டு போட்டிருந்தீங்களே. பத்து மணிக்குள்ள காட்டிட்டு ஓடிரலாம்னு இருந்தேன்."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுப்புக் கூலி நெல்லில்தான் அவர் வீட்டில் ஆறு மாதம் உலை கொதிக்கும். வருகிறவர்கள் கொடுக்கும் காசு மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஆகும். சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. அந்நிய ஆண்களோடு மலை ஏறுகிறாள் என்ற ஏச்சு வேறு. அதிகம் ஏசியவர் அவருடைய நாத்தனார் வள்ளியம்மை. அறுப்பு ஆட்களை நடத்துகிறவரும் அவரேதான்.

தப்பு என்னுடையது என்று சொல்லக் கூடவே வயலுக்குப் போனேன். வள்ளியம்மை என் பேச்சை முடிக்க விடவில்லை.

"விடியக்காலயே அவ அரிவாளைக் கொண்டாந்து வச்சுட்டேங்க. அவ பங்கையும் நாந்தேன் அறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றவர் செல்லாயியிடம் திரும்பினார். "ஐப்பசியில எம் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப, ஒன் பாறைக் காசுலதானடி டாக்டருகிட்டப் போனோம். வயலா குடுத்துச்சு? எறங்கு, இடுப்பு ஒடியுது."

செல்லாயி அழுதுகொண்டே கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினார்.

மூன்று மணிக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கல்வெட்டைத் தேடி வந்தார்கள். வள்ளியம்மை நிமிராமலே, "அந்தா, அங்கிட்டு நிக்கிறாரே, அவருகிட்டக் கேளுங்க" என்றார். நான் அவர்களை மலைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடியை எப்படிப் பிடித்தாலும் வெளிச்சம் ஒரு வரியில் நிற்க மாட்டேன் என்றது. அரை மணியில் தோள் கடுத்தது. அவர்கள் தந்த எட்டணாவைக் கூசாமல் வாங்கிக்கொண்டு போய்ச் செல்லாயியிடம் சேர்த்தேன். ஆறு மணி பஸ்ஸில் திரும்பினேன். இரண்டு பெண்களுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் எந்தக் காசிலும் தீராது.

போகிறவர்கள் மாசியில் போங்கள், அறுப்பு முடிந்திருக்கும். தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். நமக்காக அங்கே நிற்கிறவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.