கேட்டிலிருந்து நிலைப்படி வரை

கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த வீடுதான் என்னைக் கெடுத்தது. கேட்டைத் திறந்தால் நிலைப்படி வரைக்கும் வழவழவென்று ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் செடி. மகளுக்கு விழுப்புரத்தில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்குத் திண்டிவனம் அழைத்து வரும்போது நம் வாசலும் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

கடைக்காரர் ஹாலுக்கு என்று காட்டிய டைல்ஸைத்தான் வாசலுக்கு எடுத்தேன். சொரசொரப்பாக இருந்ததெல்லாம் கண்ணுக்கே பிடிக்கவில்லை. போட்டு முடித்த அன்று என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம் போல" என்றார். பாராட்டுகிறார் என்றே நினைத்தேன். ஓரங்களில் மண்ணைக் கொத்திக் குரோட்டன்ஸும் இட்லிப் பூவும் வைத்தேன்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மகளுக்கு இதற்கு முன்னால் ஒரு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை அவள் படி இறங்கினால்கூடச் சம்மந்தியம்மா பின்னாலேயே இறங்குவார். எங்களோடு திண்டிவனம் வந்த வேனிலும் பள்ளம் வரும்போதெல்லாம், "மெதுவா போப்பா, நெல்லு மூட்டையா ஏத்திக்கினு போற?" என்று டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். ஆரத்தி கரைத்து வைக்கச் சொல்லிச் சாவியை அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.

"அக்கா, வாசல் பூரா தண்ணி ஊத்திக் கழுவி, கேட்லேர்ந்து படி வரைக்கும் கோலம் போட்டுட்டேன். சும்மா ஜொலிக்குது! ஜல்தி வாங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல காரியம் என்றால் வாசலைக் கழுவிக் கோலம் போடாமல் இருப்போமா?

வேன் நின்றதும் முதல் ஆளாக இறங்கி, கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்திராவிட்டால் மல்லாந்திருப்பேன். கோலமாவும் தண்ணீரும் கலந்து தரையெல்லாம் கஞ்சியாகக் கிடந்தது.

திரும்பினேன். கை நிறைய வளையலோடு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மகள் கேட்டை நெருங்கிவிட்டாள்.

"நில்லுடி!"

"இன்னாச்சும்மா?"

"வழுக்குது. அங்கியே நில்லு."

சம்மந்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"இன்னா சம்மந்தி இது? புள்ளத்தாச்சி நடக்கிற எடமா? மீன வுட்டா மீனே வழுக்கி வுழும்."

"பின்பக்கமா கூட்டிக்கினு போலாமா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"வளைகாப்பு முடிஞ்சி வர்ற பொண்ணு கொல்லை வழியாவா நுழைவா? நல்லா கீது!"

"சாக்கு விரிச்சா?"

"அதுவும் சேந்து இழுத்துக்கினு போவும்."

பக்கத்து வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு படியில் அழாத குறையாக நின்றாள். வெயிலில் மகளுக்கு வியர்த்துக் கொட்டியது. "ரொம்ப நேரம் நிக்க முடியாதும்மா" என்றாள்.

செடி வைத்த பாத்திதான் என் கண்ணில் பட்டது. மண்ணாவது காலைப் பிடிக்குமே. குனிந்து முதல் குரோட்டன்ஸைப் பிடுங்கினேன். அடுத்து இட்லிப் பூ வேரோடு வந்தது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சம்மந்தியம்மாவும் பாத்தியில் இறங்கினார்.

"நீங்க புடுங்கிக்கினே போங்க. நான் மிதிச்சிக் கெட்டியாக்கிக்கினு வர்றேன்."

அப்படியே படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். மகள் செருப்பைக் கழற்றினாள். முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள், பின்னாலிருந்து சம்மந்தியம்மா இடுப்பைத் தாங்கிக்கொண்டார். அவள் ஒரு அடி ஊன்றிய பிறகே நான் அடுத்த அடி எடுத்து வைத்தேன். பழைய சிமெண்ட் படியில் அவள் இரண்டு காலும் ஊன்றிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"சுத்துடி ஆரத்திய."

சுற்றி, பொட்டு வைத்து, வழக்கம்போல அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டத் திரும்பினாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அங்க ஊத்தாத!" நாங்கள் இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

மகள் உள்ளே போய் உட்கார்ந்தாள். சம்மந்தியம்மா மட்டும் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்பவும் இதுலதான வரணும்?"

"அதுக்கு முன்ன ஒடைச்சிடறேன் சம்மந்தி. சாப்பிட்டதும் கொத்தனாருக்குப் போன் போடறேன்."

"போன மொதல்ல போடுங்க. சாப்பாடு எங்கியும் போயிடாது" என்று மண் காலோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.