பிலோமினா குறைக்கச் சொன்ன சோறு

சோற்றுப் பார்சல் விற்பவளின் நேர்மையைக் கொழும்பில் எவரும் நாவால் அளப்பதில்லை. கையில் தூக்கிப் பார்த்தே அளக்கின்றனர். பாரமாக இருந்தால் நல்லவள். இலேசாக இருந்தால் கள்ளி. சமைத்து விற்கும் என் சகபாடிகள் இதைப் பட்டறிந்தவர்கள். மற்றையோர் முதலில் அறியவேண்டியவை சில உள. கொட்டாஞ்சேனையிலுள்ள என் குசினியிலிருந்து புதுக்கடை நீதிமன்றப் பக்கத்துக்கு மதியப் பார்சல்கள் போகின்றன. முன்பு தமிழ் கற்பித்தவள் என்பதால் வாடிக்கையாளர் என்னை டீச்சர் என்பர். அவர்களுள் ஒருவர் ஜோசப். சட்டத்தரணி ஒருவரின் எழுதுவினைஞர். நீரிழிவால் அவரது கால் பெருவிரலில் ஆறாத புண் இருந்தது. சீனி குறையாவிட்டால் விரலை எடுக்க நேரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

குசினி வாசலில்

ஜோசப்பின் மனைவி பிலோமினா, கணவருக்குத் தெரியாமல் ஒருநாள் என்னிடம் வந்தார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமை வைத்தியசாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்; அடுப்படியில் நிற்க இயலாமையாலேயே கணவரின் மதியச் சாப்பாட்டை என்னிடம் ஒப்படைத்திருந்தார். சோற்றைக் குறைக்கவேண்டும் என்றார். பாதியாக்கிவிடலாமே என்றேன். அவ்வாறு செய்தால் அன்று பின்னேரமே கொத்துரொட்டிக் கடையில் நிற்பாராம்.

மாதம் ஒரு கரண்டி சோறு இறங்கட்டும், அந்த இடத்தில் ஒரு கரண்டி மரக்கறி ஏறட்டும், கைக்குப் பாரம் மாறக்கூடாது என்று ஒழுங்கை அவரே வகுத்தார். மாதம் ஒரு கரண்டி போதுமா என்று கேட்டேன். "அவசரப்படாதேங்கோ, டீச்சர். மெல்ல மெல்லக் குறைச்சாத்தான் நான் இல்லாத காலத்திலும் அவருக்கு அது பழகியிருக்கும்."

மாறிய பார்சல்

முதலில் ஒரு கரண்டி போஞ்சி ஏறியது. அடுத்து வல்லாரைச் சம்பல். பின்னர் வெள்ளை அரிசியோடு சிவப்பரிசியைச் சிறிது சிறிதாகக் கலந்தேன். ஜோசப் வழக்கம்போலவே வாங்கிச் சாப்பிட்டார். அடையாளத்துக்காக அவரது பார்சலுக்குச் சிவப்பு றப்பர் வளையம் போடுவேன். ஒருநாள் வளையம் அறுந்து, பார்சல் பக்கத்து மேசை நௌபரிடம் போய்விட்டது. பிரித்தவுடன் சோறு மலைபோல் எழவேண்டும் என்பவர் நௌபர். தொலைபேசியில் என்னை அழைத்தார்: "டீச்சர், நான் சோத்துப் பார்சல் கேட்டேனா, ஆட்டுக்குக் குழை கட்டித் தரச் சொன்னேனா?"

கட்டிலருகே

பிலோமினா படுத்த படுக்கையானபின் வைத்தியசாலைக்குப் போனேன். தண்ணீர்கூட இறங்காத நிலை. தோடம்பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பதென்று அறியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். ஜோசப் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நோவு எப்படி என்று கேட்டேன். பிலோமினா என் கையைப் பற்றிக் கிட்ட இழுத்தார். "இப்ப எத்தனை கரண்டி, டீச்சர்?"

இரக்கத்தின் அளவு

பிலோமினாவின் அடக்கமும் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து ஜோசப் வேலைக்குத் திரும்பினார். அன்று காலை, மனைவியை இழந்தவருக்கு அளந்து போட எனக்கு மனம் வரவில்லை. பழையபடி வெள்ளைச் சோற்றைக் குவித்து, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வைத்துக் கட்டினேன்.

பின்னேரம் அவர் நேரில் வந்தார். பெருவிரலில் கட்டு இன்னும் இருந்தது. பார்சலை மேசையில் வைத்தார். பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. வேறு யாருடையதோ தமக்கு மாறி வந்துவிட்டது என்றார். மாறவில்லை என்று சொல்லி, அவருடைய மனைவி வந்துபோனதையும் சொன்னேன். அவர் வியக்கவில்லை, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலே தெரியும், டீச்சர். பின்னேரம் வீட்ட போனா, சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டுப்போட்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருப்பா. நல்லாயிருந்தது எண்டாச் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, இப்ப எனக்கு மற்றச் சோறு இறங்குதில்லை."

பின்னர் உறுதியானவை

மருந்தோடு சீனியும் கட்டுப்பட்டு, ஜோசப்பின் புண் ஆறியது; விரல் தப்பியது. அவரது பார்சல் பிலோமினா விட்டுச்சென்ற அளவிலேயே நிற்கிறது. அதற்குமேல் ஒரு கரண்டி குறைக்கவோ கூட்டவோ அவர் இணங்குவதில்லை. தமக்கும் சீனி இருப்பதாக அறிந்த நௌபர், சற்று வெட்கத்தோடு, அந்த ஆட்டுக் குழையையே கேட்டு வாங்குகிறார். சிவப்பு வளையம் இப்போது இரண்டு பார்சல்களுக்குப் போடுகிறேன். எல்லாவற்றையும் அளந்து கட்டப் பழகிய எனக்கு, பின்னேரம் ஒருவர் இருந்து சாப்பாடு எப்படி என்று கேட்பதை மட்டும் எந்தப் பார்சலிலும் கட்டிக்கொடுக்கத் தெரியவில்லை.