முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

சித்தப்பா இறந்து ஒரு வருடமாகியும் அவருடைய பெரிய மோட்டார் சைக்கிள் சுங்காயில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதை விற்றுவிட வேண்டும் என்பதில் குடும்பமே ஒரு கட்சி. சித்தி மட்டும் எதிர்க்கட்சி. தைப்பிங்குக்கு வேலை மாற்றல் வந்ததும், வண்டியும் தன்னோடுதான் வரும் என்று சொல்லிவிட்டாள். அதை ஓட்ட அவளிடம் லைசென்ஸ் கிடையாது என்பது வேறு விஷயம்.

வண்டியை எல்லாரையும்விட வெறுத்தவள் அம்மா. சித்தப்பாவைக் கொண்டுபோனது மாரடைப்பு. ஆனாலும் அம்மா பழியை வண்டி மேல்தான் போட்டாள். அந்தச் சனிக்கிழமை சித்தி பிக்கப்பும் ட்ரெய்லரும் இரவல் வாங்கி வந்தபோது, படியிலேயே நின்று நிபந்தனை போட்டாள்.

"கொண்டு போ. ஆனா வழியில சாஞ்சிச்சுன்னா வித்துடணும். சரியா?"

"சரிலா அக்கா. சாயாது."

வண்டியைத் தள்ளி ஏற்ற ஆள் கூப்பிடச் சித்தி பக்கத்து வீட்டுக்குப் போனாள். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். "ட்ரெய்லர்ல வண்டியோட முன் சக்கரம் போயி உக்கார்ற எடத்துல வச்சிட்டு வா. சித்திகிட்ட சொல்லாத." சித்தப்பா போனதிலிருந்து சாமி, சாஸ்திரம் எதுவுமே சித்திக்கு ஆகாது. ஒன்பது வயதில் இரகசிய வேலை கிடைத்தால் விடுவேனா? ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தேன்.

வண்டி ஏறியது. ஒரு வாரமாகக் கைப்பேசியில் பார்த்துப் படித்ததையெல்லாம் சித்தி செய்து காட்டினாள். முன் ஸ்பிரிங் அமுங்குவதற்காக என்னைப் பெட்ரோல் டேங்க் மேல் குப்புறப் படுக்க வைத்தாள். முன்னால் இரண்டு பெல்ட், பின்னால் இரண்டு பெல்ட். உள்ளங்கை சிவக்கும் வரை இறுக்கினாள். பிறகு வண்டியைப் பிடித்து உலுக்கினாள். ட்ரெய்லரும் சேர்ந்து ஆடியது. "இப்படித்தான் இருக்கணும், பாப்பா" என்றாள்.

நானும் அவளோடு கிளம்பினேன். பீடோர் தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்தவள் பிக்கப்பை ஓரம் கட்டினாள். முன் பெல்ட்டுகள் தொளதொளவென்று தொங்கின. வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. சித்தி தோளைக் கொடுத்து அதை நிமிர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். முன் சக்கரத்துக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் பழம் சப்பையாகக் கிடந்தது. அது நசுங்கிய அளவுக்குச் சக்கரம் முன்னால் நகர்ந்து, கட்டு தளர்ந்திருந்தது.

"யாரு வச்சா?"

"நான்தான். அம்மா வைக்கச் சொன்னாங்க."

சித்தி ட்ரெய்லர் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தைப்பிங் வரை உருளப் போவது ட்ரெய்லர் சக்கரம். உருளாத சக்கரத்துக்கு எதற்குப் பழம்? பந்தயத்தில் ஜெயிக்க அம்மா செய்த சதி இது. அதற்கு என் கையையே பயன்படுத்திவிட்டாள். அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"அப்ப வித்துடணுமா, சித்தி?"

"விக்கவா?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அக்காவே வச்சி விட்டிருக்கா. இனி ஓட்டித்தான் ஆகணும். ஏறிப் படு."

பழத்தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்த முறை பெல்ட் கிரீச்சிடும் வரை இறுக்கினாள். தைப்பிங் போய்ச் சேரும்வரை வண்டி அசையவே இல்லை.

மறுநாள் நான் வீடு திரும்பியதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சாஞ்சிச்சா?"

"கொஞ்சங்கூட சாயல" என்றேன், அவள் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கிற ஆசையில்.

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தோற்றவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பயணம் போகிற சக்கரத்துக்குத்தான் பழம் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா நினைத்த பயணம் எது என்பதுதான் தெரியவில்லை.