ஊர் ஒளித்த பால்

கோம்பைப் பக்கத்தில் நாய் வாங்கப் போகிறவர்கள் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தாயைப் பார்ப்பார்கள், தகப்பனை விசாரிப்பார்கள். தகப்பனுடைய தகப்பன் எந்த வீட்டு வாசலில் யாரைக் கடித்தது என்பது வரைக்கும் கேட்பார்கள். அதே ஆட்கள் எருமை விஷயத்தில் மட்டும் வம்சம் கிம்சம் எதுவும் பார்க்கமாட்டார்கள். மேயப் போன இடத்தில் எந்தக் கிடா வந்து சேர்ந்ததோ அதுதான் மாப்பிள்ளை. பிறந்தது நன்றாகக் கறந்தால் நம்முடைய ராசி, கறக்காவிட்டால் அதனுடைய தலையெழுத்து. அல்லிநகரத்திலிருந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் மாமியார் சிரிக்கவில்லை.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, சர்க்காரிலிருந்து எங்கள் ஊருக்கு ஓர் எருமைக் கிடாவை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் நாட்டு எருமைக்குக் கொம்பு முதுகு வரை நீண்டு கிடக்கும். இதற்கோ இரண்டு கொம்பும் காதோரத்தில் முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டிருந்தது. வடக்கிலிருந்து வந்ததால் 'டெல்லிக் கெடா' என்று பெயர் விழுந்துவிட்டது. கூடவே ஒரு மாட்டு டாக்டரும் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சாது. டெல்லிக் கிடாவுக்குப் பிறந்த கன்று எவ்வளவு வேகமாக வளர்கிறது, வளர்ந்து எவ்வளவு கறக்கிறது, நாட்டு எருமையைவிடக் கூடவா குறைவா என்று அளந்து மேலே தெரிவிப்பது அவருடைய வேலை. பலன் தெரிந்தால் கிடா எங்கள் ஊரிலேயே இருக்கும். தெரியாவிட்டால் தேவதானப்பட்டிக்குப் போய்விடும். அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எனக்குச் சீராக வந்த எருமையை முதல் ஆளாக அந்தக் கிடாவிடம் ஓட்டிப் போகச் சொன்னது நான்தான். என் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அது டெல்லிக் கெடா, ஆத்தா. அது பேசுற பாஷை நம்ம எருமைக்குப் புரியுமா?"

"புரியலேன்னா நான் சொல்லிக் கொடுக்கேன் அத்தே," என்றேன். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எருமையை அவிழ்த்துப் போனார். மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எருமை சினைப்பட்டு, மாதம் நிறைந்து, கன்று போடுகிற வரைக்கும் வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

பெண் கன்று. அது தட்டுத் தடுமாறி எழுந்து, முதல் காரியமாக மாமியாருடைய சேலை முந்தியை வாயில் போட்டுச் சப்பியது. அன்றோடு முடிந்தது கதை. அதற்கப்புறம் அது என் கன்று இல்லை, அவருடைய கன்று. புண்ணாக்கில் பாதி அதற்குத்தான். "ஏ தாயீ, ஏ கண்ணு" என்று நாள் முழுக்க அதோடு பேச்சு. என்னை ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சிக்கல் டாக்டரின் அளவு நாடாவில் ஆரம்பித்தது. மாதம் ஒரு தடவை வந்து கன்றின் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளப்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் கன்றையும் அளந்து பார்ப்பது ஆகாது. அளந்தால் வளராது, கண் பட்டுவிடும் என்பார்கள். மாமியார் டாக்டரிடம் முகத்தை முறித்துக்கொள்ளவும் இல்லை, கன்றைக் காட்டவும் இல்லை. முதல் தடவை அளந்ததோடு சரி. அதற்கப்புறம் அவர் வரும் நாளில் எங்கள் கன்றை வாய்க்காலுக்கு ஓட்டிவிட்டு, பக்கத்து வீட்டு நாட்டுக் கன்றைக் கொண்டுவந்து எங்கள் முளையில் கட்டிவிடுவார். அது எங்கள் கன்றுக்கு ஒரு மாசம் இளையது. அப்படி மாற்றிக் கட்டிய முதல் நாள் டாக்டர் நாடாவைப் பிடித்தார், பழைய கணக்கைப் பார்த்தார், மறுபடியும் பிடித்தார்.

"ஏம்மா, போன தடவையைவிடக் கன்று சுருங்கியிருக்கே?"

"வெயிலு அப்படிங்க," என்றார் மாமியார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

டாக்டர் கணக்கில் சுருங்கிப்போன எங்கள் கன்று வளர்ந்து, கிடேரியாகி, அதுவும் சினைப்பட்டுக் கன்று போட்டது. மடி என்றால் அதுதான் மடி. நேரத்துக்கு மூன்று படிக்குக் குறையாது. தெருவில் டெல்லிக் கிடாவின் மகள்கள் இன்னும் பல வீடுகளில் கறவைக்கு வந்திருந்தன. எல்லா வீட்டிலும் கேட்டால் ஒரே பதில்தான்: "ஏதோ, காப்பித் தண்ணிக்கு ஆகுது." சரி, நம் எருமைதான் அதிசயம் போல என்று நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

டாக்டர் இப்போது தகரப் படியோடு வர ஆரம்பித்தார். வீடு வீடாக, காலைக் கறவை நேரத்தில். அவர் வருவதற்கு வெகு முன்னால், விடியும் முன்பே மாமியார் ஒரு படியை மட்டும் மடியில் விட்டு மீதியைக் கறந்து அடுப்படியில் மூடிவைத்துவிடுவார். டாக்டர் கண்முன்னால் மிச்சத்தைக் கறந்து காட்டுவார். சரியாக ஒரு படி வரும்.

ஒரு நாள் அவர் வாடிய முகத்தோடு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "கிடாவைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் லாரி வருது. அதோட மகளும் ஒரு படி, நாட்டு எருமையும் ஒரு படி. தெருவில எல்லா வீட்டிலயும் ஒரு படி. நான் என்னன்னு சொல்லி நிறுத்தறது?"

எனக்குச் சீராக வந்த தாய் எருமை அடுத்த சினைக்கு அந்தக் கிடாவைத்தான் நம்பியிருந்தது. அது போய்விட்டால் மறுபடியும் மேயப் போன இடத்து மாப்பிள்ளைதான். மூத்த கன்றுக்கு வாய்த்த கறவை அடுத்த கன்றுக்கு வாய்க்காது. அதற்கும் மேலாக, எல்லா வீட்டிலும் எப்படி ஒரே மாதிரி ஒரு படி? படியில் வார்த்தெடுத்த மாதிரி எந்த எருமையும் கறக்காது. எங்கள் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால்?

உச்சி நேரத்தில் வாய்க்காலுக்குப் போனேன். தெருப் பெண்கள் எல்லோரும் எருமை தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "எங்க எருமை நேரத்துக்கு மூணு படி கறக்குது. விடியுமுன்னயே கறந்து ஒளிச்சிருதோம். இப்பச் சொல்லுங்க, உங்க எருமை எம்புட்டு?" என்றேன்.

எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. ஊரில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத பேச்சு அது. அப்புறம் எங்கள் எதிர்வீட்டுக்காரி மெதுவாக, "எங்களுதும் மூணுதான். கொஞ்சம் கூடவே வரும்," என்றாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அடுத்தவள் குபீரென்று சிரித்தாள். அப்புறம் வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு. எருமைகள் மிரண்டு கரையேறிவிட்டன. எவளுக்கு எவ்வளவு கூடக் கறந்ததோ அவள் அவ்வளவு கூட ஒளித்திருக்கிறாள். அதனால்தான் ஊர் முழுக்க ஒரே ஒரு படி! பாவம் அந்த டாக்டர், எருமையை அளக்கவில்லை, எங்கள் பயத்தை அளந்துகொண்டிருந்தார்.

"வெளிய சொன்னாக் கண்ணு படுமே," என்றாள் ஒருத்தி.

"எல்லாரும் ஒண்ணாக் கறந்து காட்டுவோம். கண்ணு எங்கன விழும்னு அதுக்கே தெரியாது," என்றேன். இந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

லாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், தெரு எருமைகள் அத்தனையும் ஊர் மந்தைத் திடலில் புளியமரத்தடியில் கட்டப்பட்டன. நாங்கள் உண்மையைச் சொல்லிவிட்டதால், யாரும் முன்கூட்டிக் கறந்துவிடாமல் மத்தியானத்திலிருந்தே டாக்டர் அங்கே காவல் இருந்தார். தகரப் படி, குடம், செம்பு, வேடிக்கை பார்க்க ஆண்கள் கூட்டம். திருவிழாதான். வராதவர் என் மாமியார் ஒருவர்தான். "எம் புள்ளைய நாலு பேரு பாக்கக் கறந்து காட்ட மாட்டேன்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் செம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

மற்ற வீட்டு எருமைகள் சுரந்து கொட்டின. நுரை பொங்கப் பொங்க டாக்டர் அளந்தார். என் முறை வந்தது. மடியில் கை வைத்தேன். எங்கள் மகாராணி திரும்பி என்னைப் பார்த்தாள். கன்றை விட்டுப் பார்த்தேன், தடவிக் கொடுத்தேன், கெஞ்சினேன். செம்பின் அடி நனையவில்லை. மாமியார் கை தவிர வேறு கைக்கு அது பழகியதே இல்லை.

கூட்டத்தில் ஒரு கிழவர், "டெல்லிக்கார வம்சத்துப் பவுசு இம்புட்டுத்தானா? எங்கிட்டு மூணு படி?" என்று கேலி செய்தார். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமியார் வந்தார். வீட்டில்தான் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மந்தை ஓரத்தில் எவ்வளவு நேரமாக மறைந்து நின்றாரோ!

"யாருலே அது, எம் பொண்ணைப் பேசுறது?"

கிழவர் நகர்ந்துவிட்டார். "தள்ளு புள்ள," என்று மாமியார் என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏ தாயீ, ஏ கண்ணு" என்றது ஒரு தடவைதான். பால் சர்ரென்று இறங்கியது. செம்பு நிறைந்தது, குடத்தில் ஊற்றினேன், மறுபடி நிறைந்தது. எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கறவை நடுவில் எப்படிக் கட்டிக்கொள்வது?

டாக்டர் குடத்துப் பாலை எல்லாம் அளந்து, படியைக் கீழே வைத்து, எழுதுவதற்குப் பென்சிலை எடுத்தார்.

"எதுக்கு அவசரப்படுறீக?" மாமியார் தலையைத் திருப்பாமலே ஊர் கேட்கச் சொன்னார். "காம்புல இன்னும் பாக்கி இருக்கு. அதையும் கறந்து தாரேன், அளங்க. ஒரு சொட்டுக்கூடக் கொறைச்சு எழுதிப்புடாதீக."