படகு இல்லாத கடல்

பெயிண்ட் கலக்கும் குச்சியை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடலை முறைக்கிறார் மாமா. குச்சி நுனியில் ஈரமாக ஒரு சாம்பல் நிறம். காலை நடைக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "இன்னிக்குக் கடலுக்கு வயிறு சரியில்ல," என்று அறிவித்துவிட்டு, டின்னில் ஒரு துளி மஞ்சளை விட்டுக் கலக்குகிறார்.

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். வெள்ளை, கிரீம் இரண்டையும் தாண்டி யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கோபத்தைத்தான் காலையில் கடலிடம் தீர்த்துக்கொள்கிறார். அவர் முன்னால் கடல் நீலம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "நீலமாம் நீலம்! எந்திரிச்சு வந்து பாத்திருக்கானா எவனாவது? பாதி நாள் அது பாத்திரம் கழுவின தண்ணி. மேல வெளிச்சம் விழுந்தாத்தான் கடலு."

"நம்ம வீட்டுச் சுவரு தோல் உரிஞ்சு நிக்குது, இவரு கடலுக்குச் சாயம் பாக்கறாரு," என்பாள் அத்தை.

இவ்வளவு வீரம் பேசுகிறவருக்கு வலி மட்டும் ஆகாது. விரலில் சிராய் ஏறினால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஊசியைப் பார்த்தாலே அலறுவார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பல மாதமாக ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பல் டாக்டர் தன் அறையின் சீலிங்கை ஒப்படைத்தார். நாற்காலியில் படுக்கிறவர்கள் மேலேதானே பார்க்கிறார்கள், அங்கே ஒரு கடல் இருக்கட்டும் என்றார். வெள்ளை அல்லாத ஒன்றை மாமாவிடம் கேட்ட முதல் ஆள் அவர். மாமா சோறு தண்ணீர் மறந்து வரைந்தார். படகு இல்லை, சூரியன் இல்லை, பறவை இல்லை. சாம்பலும் பச்சையும், ஓரிடத்தில் மட்டும் தண்ணீர்மேல் வழுக்கிப் போகும் வெளிச்சம்.

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். "என்னங்க இது, சீலிங் ஒழுகுன மாதிரி இருக்கு? ஒரு படகாவது போடுங்க. இல்லன்னா வெள்ளை அடிச்சிடுங்க."

"படகு வச்சா எல்லாரும் படகத்தான் பாப்பாங்க, டாக்டர். இத நின்னுக்கிட்டுப் பாக்கக் கூடாது. படுத்துப் பாக்கணும்."

"படுக்கறவங்களுக்குக் கத்தவே நேரம் சரியா இருக்குங்க."

மாமா தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தார். "என் கடவாப் பல்லப் புடுங்குங்க. நான் கத்துனா நானே வெள்ளை அடிச்சுத் தரேன். கத்தலன்னா கடல் அப்படியே இருக்கட்டும்."

அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த அத்தையும் நானும் வாசலிலேயே நின்றுவிட்டோம். "வெள்ளை டின்ன இப்பவே திறந்து வைங்க, டாக்டர்," என்றாள் அத்தை.

ஊசி இறங்கியது. மாமாவின் கால் விரல்கள் மடங்கின. கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பார்வை மட்டும் மேலேயே இருந்தது. சற்றுப் பொறுத்துக் குறடு உள்ளே போனது. அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். தட்டில் பல் விழுந்த சத்தம்தான் கேட்டது.

"முடிஞ்சுது, எந்திரிங்க," என்றார் டாக்டர்.

மாமா எழவில்லை. வாய் நிறையப் பஞ்சோடு கையை மேலே தூக்கி, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் காற்றிலேயே ஒரு கோடு இழுத்தார். ஒற்றைக் கண்ணை மூடி அதை முறைத்தார். பிறகு விரலால் அழித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு இழுத்தார்.