திராட்சைச் சூலும் தறிச் சத்தமும்

திராட்சைப் பூவில் சூல் வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். ஆய்வகத்தில் அந்தச் சொல்லையே பயன்படுத்துவோம். குண்டூசித் தலை அளவுள்ள மொட்டைப் பறித்த கையோடு ஃபார்மலின் கலவையில் போட்டால், அந்த நொடியில் இருந்தபடியே நின்றுவிடும். பிறகு மெழுகில் புதைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். என்னுடையது விதையில்லா ரகம். அதில் சூல் ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. கருவும் உண்டாகிறது. பிறகு எங்கேயோ நின்றுபோகிறது. எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை.

குமாரபாளையத்திலிருந்து சேலத்துக்குத் தினமும் பஸ். மகளை மாமியார் பார்த்துக்கொண்டார். வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம். விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடப் பேச முடியாது. சாப்பிட வா என்பதற்கு ஒரு கை, நூல் அறுந்தது என்பதற்கு ஒரு கை, என் கணவர் வருகிறார் என்பதற்குப் புருவம். மகளும் அப்படியே வளர்ந்தாள். கை காட்டினால் ஓடி வருவாள். தொட்டிலில் கிடந்தபோதே அந்தச் சத்தத்தில் அயர்ந்து தூங்குவாள். வந்தவர்களிடமெல்லாம் மாமியார் அதைப் பெருமையாகச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. மாமியார் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினார். காரம் தாளாமல் அவள் துடித்தாள். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். படித்தவள் இதற்கு உடன்படலாமா என்று ஒரு மனம். தடுத்து, அதனாலேயே பேச்சு வராமல் போனால் என்று ஒரு மனம். டாக்டரிடம் காட்டலாம் என்றபோது கணவர், தானே மூன்று வயதில்தான் பேசியதாகச் சொன்னார்.

அந்த நாட்களில் ஒருமுறை மாமியார், மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டார். வீட்டில் யாரும் கேட்காததை இவராவது கேட்டாரே என்று மொபைலில் இருந்த படங்களைக் காட்டி விளக்கினேன். மொட்டை மருந்துத் தண்ணீரில் போட்டு நிறுத்துவதையும் சொன்னேன். இது வளரும் கரு, இது சுருங்கி நின்றுபோனது. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய ஒரு பகலில் தெருவில் எல்லாத் தறிகளும் நின்றன. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்டது. மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பரண்மேலிருந்த பித்தளை அண்டாவை இறக்கும்போது மாமியாரின் கை நழுவியது. சிமெண்ட் தரையில் அது விழுந்த சத்தத்தில் நான் அலறிவிட்டேன். மகள் இன்னொரு குச்சியை எடுத்து வைத்தாள்.

மாமியார் கரண்டியால் அண்டாவைத் தட்டினார். பிறகு ஓங்கி அடித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பாக்கற பூவாட்டமே ஆயிப்போச்சு பாரு அம்மிணி. அந்த மருந்துத் தண்ணில கைய வெச்சுட்டு வந்து பால் குடுத்தீன்னா, உள்ள இருக்கறது நின்னுதான போகும்."

"இல்லீங்கத்தை" என்றேன். கையுறை போட்டிருந்தேன். எல்லா நாளும் போட்டிருந்தேனா என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் காது டாக்டரிடம் போனோம். சோதனை முடிந்ததும், இரண்டு காதுமே கேட்கவில்லை என்றார். பிறந்ததிலிருந்தேயா, இடையில் நின்றதா என்று கேட்டார். தினமும் நான் மொட்டுகளிடம் கேட்கும் கேள்வி. மொட்டென்றால் வெட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

மாமியார் முந்திக்கொண்டார். "எங்க பாப்பா பொறந்ததுல இருந்தே சமத்துங்க. தறி ஓட ஓடத் தூங்குமுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பொறந்ததுல இருந்தேவா?" என்று கேட்டார், மாமியாரிடம் அல்ல, என்னிடம். "அப்பவே கொண்டு வந்திருக்கணும்மா. இப்பவும் காதுக்கு மிஷின் வைக்கலாம். எவ்வளவு பேச்சு வரும்னு என்னால சொல்ல முடியாது."

மடியில் இருந்த மகள் அவருடைய உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். சாப்பிட வா என்ற கை.

"பாருங்க" என்றார் மாமியார் டாக்டரிடம். "அதுக்கு எல்லாம் புரியுதுங்க."