டல்சியின் நடையில் இருபத்தெட்டு நிமிடம்

முப்பத்தோரு வருடம் மெல்போர்ன் தெருக்களில் டிராம் ஓட்டிய வால்மா டக்வெல் ஓய்வு பெற்றபோது, பிள்ளைகள் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பூனைதான் படுத்துக் கிடக்கிறது. வால்மாவோ கோபர்க் முதியோர் சங்கத்தின் மாதப் பயணத்தை ஏற்பாடு செய்யும் வேலையை வலியப் போய் வாங்கிக்கொண்டாள். காலையில் ரயிலேறி ஏதாவது ஒரு வெளியூரைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். எழுபதைத் தாண்டிய பதினாலு பேரை ஒரு பிளாட்பாரத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் எதையும் நம்பிக்கையின் பேரில் விடமாட்டாள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், அதே கிழமையில், அதே ரயிலில் தனியாகப் போய் ஒத்திகை பார்ப்பாள். தோழி டல்சியின் பழைய வாக்கரை, சக்கரமும் மடக்கு இருக்கையும் வைத்த அந்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, டல்சி நடக்கிற வேகத்திலேயே நடப்பாள். எங்கே சரளைக்கல், எங்கே கழிப்பறை, எங்கே பெஞ்சு, எத்தனை நிமிட நடை என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஒன்றுதான்: ‘மெதுவாக நடப்பவர்: டல்சி.’

நாலு வருடம் கழித்து அந்த வரி டல்சியின் கண்ணில் பட்டது. வேளையும் பொல்லாத வேளை. ஆணிக்கடை வைத்திருந்த மெர்வின், இனி வாடகை பஸ்ஸில் போகலாம் என்று சங்கத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். ரயில் என்றால் டல்சிக்காக எல்லோரும் காத்து நிற்க வேண்டியிருக்கிறதாம். அந்த பஸ்ஸின் படியில் டல்சியின் முழங்கால் ஏறாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

“நான் நின்னுக்கறேன் வால்மா. என்னால எதுக்கு எல்லாருக்கும் தொல்லை?” என்றாள் டல்சி போனில்.

“இந்த வியாழக்கிழமை மட்டும் வாடி. மெர்வின் வாயே திறக்காத மாதிரி நடத்திக் காட்டறேன். அதுக்கப்புறமும் வரலைன்னா நான் கூப்பிடல.”

ஒரு குறை வந்தாலும் அடுத்த மாதம் பஸ்தான் என்று சங்கமும் சொல்லிவிட்டது. வால்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை, இம்முறை போகவேண்டிய சிற்றூரான கரிங்டேலுக்குப் போய் ஒத்திகை பார்த்தாள்.

அந்த வியாழக்கிழமை பத்து நாற்பதுக்குக் கரிங்டேலில் இறங்கினார்கள். தேநீருக்கென்று நோட்டில் குறித்து வைத்திருந்த பேக்கரி பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த நூலகமும் பூட்டு. கதவில் ஒரு தாள்: ‘கண்காட்சி விடுமுறை.’

மெல்போர்ன்காரர்களான எங்களுக்கு விடுமுறை என்றால் எங்கள் விடுமுறைதான். குதிரைப் பந்தயத்துக்கு ஒரு நாள் ஊரையே மூடுவோம். ஆடு மாடு கண்காட்சிக்கென்று தனக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் ஊரும் உண்டு என்பது எங்கள் மண்டையில் ஏறாது. வால்மாவின் மண்டையிலும் ஏறவில்லை.

“ஏம்மா வால்மா, ரெண்டு தடவை ஒத்திகை பாத்தியே, பூட்டு நல்லாருக்கான்னு பாத்துட்டு வந்தியா?” என்றார் மெர்வின்.

இரண்டு பேர் சிரித்தார்கள். டல்சி வாக்கரின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வால்மாவுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பாதி வழியில் டிராம் நின்றுபோனால் இறங்கி அழுகிற ஜாதியில்லை அவள்.

“தப்பு என்னோடதுதான். பேக்கரிக்காரன் இன்னிக்கு எங்க இருப்பான்? கண்காட்சியில. நாமளும் அங்கயே போறோம்.”

மைதானம் ஒன்றேகால் கிலோமீட்டர் என்று ஸ்டேஷன் பெண் சொன்னாள். வால்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள்: டல்சியின் நடையில் இருபத்தெட்டு நிமிடம், நடுவில் இரண்டு முறை உட்கார.

பேக்கரிக்காரன் அங்கேதான் இருந்தான், இறைச்சி பொதிந்து சுட்ட சூடான ரொட்டிகளோடு. செம்மறி ஆடுகளுக்குப் பரிசு கொடுக்கும் இடத்தில் கூட்டம் நெரித்தது, நாற்காலி ஒன்றுகூட இல்லை. டல்சி மட்டும் வாக்கரின் இருக்கையை விரித்து, முன்வரிசையில் மகாராணியாக உட்கார்ந்து பார்த்தாள். மெர்வின் பின்னால் எம்பி எம்பிப் பார்த்தார், அதுவும் புது பூட்ஸில்.

அந்த பூட்ஸ் திரும்பும்போது வேலையைக் காட்டியது. குதிகாலில் கொப்புளம் உடைந்து, மெர்வின் நொண்டிக்கொண்டே பின்தங்கினார். ஊர் திரும்பும் ரயிலை விட்டால் அடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்து.

“உக்காருப்பா,” என்றாள் டல்சி, வாக்கரைப் பிரேக் போட்டு நிறுத்தி.

“வேண்டாம் வேண்டாம்.”

“உக்காருன்னா உக்காரு. நான் பிடிச்சுக்கறேன், உருளாது.”

வழியில் நாலு முறை உட்கார்ந்தார். நாலு முறையும் டல்சி பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள், அவசரப்படுத்தவில்லை. வால்மா எப்போதும்போல டல்சியின் நடைக்கு நேரம் விட்டுக் கிளப்பியிருந்ததால், மூன்று நிமிடம் மீதி இருக்கும்போதே எல்லோரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

ரயிலில் டல்சி கையை நீட்டினாள். “அந்த நோட்டைக் குடு.”

வால்மா அதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டல்சி அடுத்த மாதத்துக்கான பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியில் ஏற்கெனவே எழுதியிருந்த தன் பெயரை அடித்துவிட்டு, நிதானமாக ‘மெர்வின்’ என்று எழுதி, எதிர் இருக்கையில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் காட்டினாள்.

மெர்வின் எட்டிப் படித்தார். “சரி, ரயிலே இருக்கட்டும். எத்தனை நிமிஷம்னு போடலியே?”

“நின்னு நின்னு வந்ததுல கணக்கு விட்டுப்போச்சுப்பா,” என்றாள் டல்சி. “அடுத்த மாசம் ஒத்திகைக்கு வால்மாகூட நானும் போறேன். உன்ன மாதிரி நொண்டி நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன்.”